ஏகாதசியன்று எடுத்த படம்

ஒரு ஹோட்டலைப் படம் எடுப்பதற்கென்றே ஒருவர் மெட்ராஸிலிருந்து ரயிலேறி வருவார், அந்தப் படத்தில் ஒரு ஆள்கூட நிற்க மாட்டார், அதற்கு நாம் இருநூற்றைம்பது ரூபாய் கொடுப்போம் என்று என் கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நயா பைசா வந்து எல்லோருக்கும் பழகிவிட்டிருந்த காலம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் அப்பாவுக்கு அது ஒன்றரை மாதச் சம்பளம்.

எங்கள் ஹோட்டல் ஸ்ரீரங்கத்தில், மொட்டைக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீழே சாப்பாட்டுக் கூடமும் சமையல்கட்டும், மாடியில் பத்து அறைகள். லால்குடியில் தன் பங்குக்கு வந்த நிலத்தை அண்ணன்மாரிடமே விற்றுவிட்டு என் கணவர் ஆரம்பித்தது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் மாடிப்படியில்கூட ஆள் படுத்திருக்கும். மற்ற மாதங்களில் பத்து அறைகளில் எட்டு அறைகளுக்கு நானும் புறாக்களும்தான் போய்வருவோம். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"தை வரைக்கும் பாப்போம். சரிப்படலைன்னா லால்குடிக்கே போயிடலாம். நமக்குன்னு வீடு இருக்கு, சோறு இருக்கு, என்ன பயம்?" என்பார் என் கணவர். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்வார். லால்குடி என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும். நான் பேச்சை மாற்றிவிடுவேன். லால்குடி வீட்டில் நான் ஐந்தாவது மருமகள். அம்மாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட வேண்டுமென்றாலும் நான்கு பேரிடம் சொல்லி, ஒருவரிடம் காசு வாங்கிப் போட வேண்டும். இங்கே பெட்டிச்சாவி என் இடுப்பில். ரயில்வே ஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய இங்கிலீஷில் ஹோட்டல் கடிதங்களெல்லாம் நான்தான் எழுதுவேன். இதையெல்லாம் அவரிடம் நான் சொன்னதில்லை. பிறந்த ஊரை அவ்வளவு ஆசையாகப் பேசுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அப்படி இருக்கும்போதுதான் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. வடக்கேயிருந்து பக்தர்களை ரயிலில் ராமேஸ்வரம் வரை அழைத்துப் போகிற யாத்திரை கம்பெனி ஒன்று. மாதம் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் நாற்பது பேர், ஸ்ரீரங்கத்தில் இரண்டு ராத்திரி தங்கல். நாலைந்து ஹோட்டல்களுக்கு எழுதியிருக்கிறோம். அறை, கிணற்றடி, சாப்பாட்டுக் கூடம் எல்லாவற்றுக்கும் தெளிவான புகைப்படங்கள் அனுப்பினால் பார்த்து முடிவு செய்வோம் என்று அதன் மானேஜர் எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். மாதம் நாற்பது பேர்! பிறகு லால்குடிப் பேச்சே எழாது.

அன்றைக்கே பஸ் ஏறித் தெப்பக்குளம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குப் போனோம். முதல் ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரூமைப் படம் எடுக்கணும், சரிங்க. யாரை நிக்க வைக்கிறீங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். "யாருமே இல்லாம வெறும் ரூமா? எழவு வீடு மாதிரில்ல இருக்கும்!" என்று பயந்தே போய்விட்டார். இரண்டாவது ஆள் ஐந்து ரூபாய்க்கு ஒரு படம் எடுத்துக்காட்டுகிறேன் என்று வந்தார். கட்டிலுக்கு முன்னால் என்னையும் என் கணவரையும் நிற்க வைத்து, "அம்மா, தலையைக் கொஞ்சம் ஐயா பக்கம் சாய்ங்க" என்றார். படம் வந்தது. கட்டில் தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. என் மூக்குத்திதான் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் மாடியில் மாதம் இரண்டு நாள் தங்குகிற மருந்து கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். ஹோட்டல்களையும் மில்களையும் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் மெட்ராஸில் இருப்பதாகச் சொல்லி விலாசம் கொடுத்தார். எழுதினேன். நாலே நாளில் பதில். பன்னிரண்டு படம், பெரிய சைஸ் பிரிண்டோடு இருநூற்றைம்பது ரூபாய். போகவர ரயில் செலவும் சாப்பாடும் தனி. திருச்சியில் ஒரு மில் வேலைக்கு வருவதாகவும், அதையொட்டி எங்களுக்கு ஒரு நாள்தான் தர முடியும் என்றும், செவ்வாய் அல்லது வெள்ளி என்றும் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில்தான். பெரிய கடைவீதி மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற தினசரி நாள்காட்டி சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும். காலையில் முதல் வேலையாக நேற்றையத் தாளைக் கிழித்து, அதன் முதுகில் நேற்றையச் செலவை எழுதிக் கம்பியில் குத்திவிடுவேன். இரண்டு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. அப்படி ஒரு தாளில்தான் பட்ஜெட்டும் போட்டேன். படத்துக்கு இருநூற்றைம்பது, ரயிலுக்கு முப்பது, சுண்ணாம்பு, புதுப் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பது. கையில் இருந்தது முந்நூறு. அதுவும் ரேடியோ வாங்க வைத்திருந்த பணம்.

"ரேடியோ இருந்தா நாலு பேர் வந்து உக்காருவாங்க. படத்தைப் பாத்து யாரு வருவா?" என்றார் அவர்.

"ரேடியோ கேக்க வர்றவங்க ஒரு காப்பியைக் குடிச்சிட்டு மூணு மணி நேரம் உக்காருவாங்க. எனக்கு ரூம் எடுக்கிறவங்க வேணும்" என்றேன்.

என் வாயை எதிர்த்து அவர் ஜெயித்ததில்லை. சுண்ணாம்பை ஆள் வைக்காமல் நாங்களே அடித்தோம். விரிப்பு பத்து வேண்டாம், படம் எடுக்கிற அறைக்கு இரண்டு போதும் என்று முடிவு செய்தோம். முந்நூறுக்குள் அடங்கிவிட்டது. செவ்வாயை வேண்டாமென்று தள்ளி, மங்களகரமாக வெள்ளிக்கிழமையைக் குறித்து மெட்ராஸுக்குப் பதில் போட்டேன். ராகுகாலம் பார்த்தேன், கரிநாள் பார்த்தேன். திதி பார்க்கவில்லை. நான் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே ஒர்க்‌ஷாப் சங்குதான் எங்களுக்குப் பஞ்சாங்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் சமையல்காரரிடம் போய், "நாளைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் முழுச் சாப்பாடு தயாரா இருக்கணும், பந்தி போட்டுப் படம் எடுக்கப் போறாங்க" என்றேன். அவர் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்தவர். எங்கள் ஹோட்டலில் அந்த ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஏகாதசியாச்சே. ஏகாதசியன்னிக்கு இந்த அடுப்புல அன்னம் ஏறினதே இல்லையே. தெரியாம சொல்றேளா, தெரிஞ்சு சொல்றேளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதம் இரண்டு ஏகாதசிக்கு எங்கள் ஹோட்டலில் பலகாரம் மட்டும்தான்; அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆர்வக்கோளாறில் கோட்டை விட்டுவிட்டேன். படக்காரர் அந்நேரம் ரயிலுக்குப் புறப்பட்டிருப்பார். சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்தால் பம்பாய்க்காரர் என்ன நினைப்பார்? என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கறுப்பு வெள்ளைப் படம்தானே, கல்லுப்பைக் குவிச்சு வெச்சா சோறு மாதிரி இருக்குமே" என்றார். சமையல்காரர் காதைப் பொத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்து அவரே வழி சொன்னார்.

"வெள்ளை ரவையை நெய்யில பதமா வறுத்து, தாளிக்காம உதிரா வேக வெச்சுடறேன். குவிச்சா அன்னம் மாதிரியே இருக்கும். சாம்பார், கறியமுது, அப்பளம் எல்லாம் ஏகாதசிக்கு ஆகும். பெருமாளுக்கும் அபசாரம் இல்லை, உங்க காரியமும் ஆயிடும்."

வெள்ளிக்கிழமை காலையில் படக்காரர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை. மூன்று கால் வைத்த பெரிய மரக் கேமரா, கறுப்புத் துணி, ஒரு தகரப் பெட்டி. காபியைக் குடித்துக்கொண்டே அறை அறையாகப் போய் ஜன்னலைத் திறந்தார், மூடினார், வெயில் எங்கே விழுகிறது என்று தரையைப் பார்த்தார். நாங்கள் படத்துக்காக வாங்கிவைத்த காகிதப் பூவைத் தூக்கி வெளியே வைத்தார். மடித்த துண்டு ஒன்றைக் கட்டிலின் ஓரத்தில் போட்டு, கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"ஆள் வேணாம்மா. இப்பத்தான் ஒருத்தர் எழுந்து குளிக்கப் போனாருன்னு தெரியணும். பாக்கறவர் அந்த இடத்துல தன்னை வெச்சிப் பாத்துக்குவாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்குத்தானே இருநூற்றைம்பது ரூபாய்! தாழ்வாரம் இருட்டாக இருக்கிறது என்று எங்கள் பணியாட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சலவை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னார். வெயில் வேட்டியில் பட்டுத் தாழ்வாரத்துக்குள் பாய்ந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். கேமராவின் கண்ணாடியில் எங்கள் தாழ்வாரம் தலைகீழாக, கலர் கலராக மினுங்கியது. தூண்கள் மேலிருந்து தொங்கின. என் கணவர் தலைகீழாக நின்று என்னைப் பார்த்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார். நான் துணிக்குள்ளேயே கத்திச் சிரித்தேன். இரண்டு வருஷமாகப் பெருக்கி மெழுகிய இடம் இவ்வளவு அழகா என்று நெஞ்சு பூரித்துப் போயிற்று.

கடைசியாகச் சாப்பாட்டுக் கூடம். இரண்டு வரிசை வாழை இலை. ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று ரவைக் குவியல், நடுவில் குழி, குழியில் சாம்பார், மேலே அப்பளம். சோறு இல்லை என்று நான் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். படக்காரர் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்துச் சுவரைக் காட்டினார்.

"அந்த கேலண்டரை எடுத்துடுங்கம்மா. ஹோட்டல் படத்துல தேதி தெரியக்கூடாது. நாளைக்கே பழசாயிடும்."

"எடுத்தா சுவரு மூளியா இருக்கும். அடியில சுண்ணாம்பு அடிக்காத சதுரம் வேற இருக்கு. இருக்கட்டுங்க" என்றேன். உண்மையில் அந்தச் சதுரம் ஒரு சாக்குதான். என் நாள்காட்டியை எடுக்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்க இஷ்டம்" என்று அவர் தோளைக் குலுக்கிவிட்டு மூடியைத் திறந்து, மூன்று எண்ணி, மூடினார். அப்புறம் பணியாட்களோடு அதே இலையில் உட்கார்ந்து அந்த ரவையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் தாளைக் கிழித்துச் செலவை எழுதினேன். மனசு பறந்துகொண்டிருந்தது, கூடவே பயமும் இருந்தது. கணக்குக்கு அடியில் பென்சிலால் ஒரு வரி கிறுக்கிவிட்டுக் கம்பியில் குத்தினேன்.

பத்து நாளில் ரிஜிஸ்தர் தபாலில் படங்கள் வந்தன. அதைப் பிரித்த நேரத்தை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. அறைகள் அரண்மனை மாதிரி இருந்தன. கிணற்றடி ஈரம்கூடத் தெரிந்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது சாப்பாட்டுக் கூடம்தான். ரவை மல்லிகைப்பூ சாதமாக மின்னியது. சமையல்காரர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "நானே ஏமாந்துடுவேன் போலிருக்கே" என்றார். அன்றே பம்பாய்க்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அறைகள் திருப்தி. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். சுவரில் உள்ள நாள்காட்டியின் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டோம். அன்று ஏகாதசி. எங்கள் பக்தர்கள் வைஷ்ணவர்கள். பெருமாள் குடியிருக்கிற ஊரில் ஏகாதசியன்று சோறு பரிமாறுகிற ஹோட்டலில் அவர்களைத் தங்கவைக்க இயலாது. வருந்துகிறோம்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் மேல் கோபப்படுவது? படக்காரர் அன்றைக்கே எடுக்கச் சொன்னார். நான்தான் எடுக்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். சோறு போட்டதாகவே விட்டுவிட்டால் ஆசாரம் இல்லாதவர்கள். ரவையைச் சோறாகக் காட்டினோம் என்று சொன்னால் ஏமாற்றுக்காரர்கள். எந்தப் பக்கம் போனாலும் லால்குடி.

என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுக்குப் போயி அழுவியா? அன்னிக்குத் தாள் கிழிக்க மறந்துட்டோம், படம் எடுத்தது அடுத்த நாள்னு எழுதிடு. முடிஞ்சுபோச்சு."

எவ்வளவு சுலபமான பொய்! பேப்பரை எடுத்து எழுதவும் ஆரம்பித்தேன். 'எங்கள் கவனக்குறைவால் தாள் கிழிக்கப்படாமல்' என்பது வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. நானா? நான் கிழிக்க மறந்தேனா? ஜுரத்தில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கிழித்தவள் நான். நியாய தர்மம் பார்த்து நிறுத்தினேன் என்று சொன்னால் அதுதான் பொய்யாகும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதான். பேப்பரைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு எழுதினேன். அன்று ஏகாதசிதான், ஏகாதசியாக இருந்ததால்தான் அது சோறு இல்லை, ரவை, படத்துக்காகச் சோறு போலக் குவித்தது எங்கள் தப்பு, நம்பிக்கை இல்லையென்றால் அன்றையத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பின்பக்கம் செலவுக் கணக்கு இருக்கிறது, பம்பாயில் தமிழ் படிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, யாரிடமாவது கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. என் கணவர் சைக்கிளோடு வாசலில் நின்றார். கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவி, 'ரவை' என்ற வார்த்தையை மட்டும் பார்த்து, மடித்து உள்ளே போட்டு ஒட்டினேன்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு தந்தி. 'நாற்பத்திரண்டு பேர் ஏகாதசியன்று வருகிறோம். அதே ரவை தயார் செய்யவும்.' நான் தந்தியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

மானேஜரே கூட வந்திருந்தார். கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, எழுபது வயசிருக்கும். யாரிடமும் பேசாமல் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். கோட்டுப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டே நாள்காட்டியை அதன் வழியாகப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. நாற்பத்திரண்டு பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். சமையல்காரர் ரவை போட, பின்னாலேயே என் கணவர் சாம்பார் வாளியோடு வந்தார்.

மானேஜர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷில்தான் பேசினார். ரவைக் கணக்கு எந்த வியாபாரியும் அப்புறமாக எழுதிக்கொள்ளக் கூடியது, நானும் வியாபாரிதான், அதை நான் நம்பவில்லை என்றார். எங்கள் ஆபீஸ் பக்கத்துத் தமிழ்க்காரர் தாள் முழுவதையும் மொழிபெயர்த்துக் கொடுத்தார், கடைசி வரியை யாரும் ஒரு வியாபாரிக்குக் காட்டுவதற்காக எழுதமாட்டார்கள் என்று சொல்லிப் பையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். ரவை மூன்று படி. நெய் கால் படி. வாழை இலை இரண்டு கட்டு. படக்காரருக்கு வெற்றிலை பாக்கு. பெருமாளே, என்னை லால்குடிக்குத் திருப்பி அனுப்பிவிடாதே.

"யாரம்மா அந்த லால்குடி? அவ்வளவு கெட்டவரா?" என்று கேட்டார்.

என் கணவருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் பெருமாளும் லால்குடியும் எந்தப் பாஷையிலும் அதேதான். வாளியைப் பிடித்தபடி என் பக்கத்தில் அசையாமல் நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"லால்குடி அவ்வளவு மோசமா?" என்றார் மெதுவாக.

"ஊரு நல்ல ஊருதாங்க. அங்க நான் நானா இல்லை" என்றேன்.

நாற்பத்திரண்டு பேர் கையைத் தூக்கிச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வரிசையோடு குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனார். கோடிக்குப் போனதும் நிமிர்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடமே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"முதலாளியம்மா! ரவை பத்தாது போலிருக்கு. இன்னும் மூணு படி போடச் சொல்லுங்க!"